பெயர் தெரியாத செடியும் பெருக்காத வாசலும்

உலகத்தில் பெருக்கத் தெரிந்த ஆள் மொத்தம் ஒரே ஒருவர்தான். அவர் சித்தப்பா. மற்றவர்கள் எல்லாரும் குப்பையை இடம் மாற்றுகிறவர்கள். சித்தப்பா பெருக்கிய தரையில் ஈ வந்து உட்கார்ந்தால் காலைத் தட்டிவிட்டுத்தான் உட்காரும். காற்று அடிப்பதென்றால் முதலில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடிக்கும். பாலைவனத்தில் இறக்கிவிட்டுக் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்தால் ஒரே வாரத்தில் ஒட்டகமெல்லாம் வழுக்கி விழும். இதில் ஒரு வார்த்தைகூட மிகை கிடையாது. சந்தேகம் உள்ளவர்கள் திருமணப் பதிவு அலுவலகத்து வாசலில் ஒரு காகிதத் துண்டைக் கீழே போட்டுப் பார்க்கலாம். பின்விளைவு அவரவர் பொறுப்பு.

இத்தனைக்கும் பெருக்குவது அவருடைய வேலையே இல்லை. அவர் அங்கே அட்டெண்டர். பெருக்குவதற்கென்று ஒப்பந்தத்தில் ஆள் வரும். வந்த ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். கடைசியாக வந்தவர் போகும்போது பதிவாளரிடம் நேராகவே சொன்னார்: "அவர் பக்கத்துல நின்னு பார்க்கறப்போ எனக்குப் பரீட்சை எழுதற மாதிரி இருக்குது சார். பரீட்சைக்குப் பயந்துதான் நான் இந்த வேலைக்கே வந்தேன்."

அதற்குப் பிறகு யாரும் ஆள் அனுப்பவில்லை. சித்தப்பா கேட்கவுமில்லை. விடிந்தும் விடியாத நேரத்தில், தெருவிளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கும்போது, அலுவலக வாசல் முழுவதும் அவருக்குச் சொந்தம்.

அட்டெண்டர் வேலை என்பது வெளியில் இருந்து பார்த்தால் ஃபைல் தூக்குவது. உள்ளே இருந்து பார்த்தால் வேறு. கல்யாணம் பதிவு செய்ய வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பேனா மூடியைத் திறக்க வராது, மீதிப் பேருக்குச் சொந்தப் பெயரே மறந்துவிடும். ஒன்றோடொன்று இரும்புச் சட்டத்தில் பூட்டிய பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒரு மாப்பிள்ளை காலை ஆட்டினால் கடைசி நாற்காலியில் இருக்கிற மாமியார் வரைக்கும் ஆடுவார். சித்தப்பா போய் அந்த மாப்பிள்ளையிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார். அறுந்த பொத்தானுக்கு ஊக்கு, அழிந்த பொட்டுக்குக் கண்ணாடி, மை தடவிய விரலைத் துடைக்கத் துணி, எல்லாம் ஒரு தகர டப்பாவில் வைத்திருக்கிறார். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் குறைந்தால் அதையும் போட்டுக் கொடுப்பார். முன்பின் தெரியாத எத்தனையோ பேருடைய கல்யாணத்துக்குச் சட்டப்படி அவர்தான் சாட்சி.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு தடவை ஏறக்குறைய ஆகியிருக்கும். பேச்சு நடந்த வீட்டில் எல்லாரும் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருந்தபோது, சித்தப்பா குனிந்து அவர்கள் சோபாவுக்கு அடியில் கிடந்த பிஸ்கட் துணுக்கைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாராம். வேறு எதுவும் பேசவில்லை, செய்யவில்லை. மறுநாள் அந்த வீட்டிலிருந்து, குறை கண்டுபிடிக்கிற குடும்பம் நமக்கு ஒத்துவராது என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். "இவருக்குப் பொண்ணு எதுக்கு, நல்ல மொசைக் தரையா ஒண்ணு பார்த்துக் கட்டி வெச்சா போதும்" என்று அவருடைய அண்ணி இன்றைக்கும் சொல்வார்.

அண்ணன் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறார். கீழே அண்ணன், அண்ணி, அவர்களுடைய மகள். மகளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு, ஊர் வைத்த பெயர் வாலு. படிப்பும் வாலுவும் பத்தாம் வகுப்போடு சுமுகமாகப் பிரிந்துவிட்டார்கள். இப்போது பதிவு அலுவலகத்துக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை. அலுவலக வாசலில் தூங்குகிற வாட்ச்மேன் கழுத்தில் 'இயந்திரம் பழுது' என்ற அட்டையை மாட்டிவிட்டு வருவதெல்லாம் அவளுக்கு வேலை நேரத்திலேயே சேர்த்தி.

இனிமேல் செடி.

வாசலில் படிக்கட்டுக்கு இடப்பக்கம் ஒரு செடி நிற்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம். இலைகள் எண்ணெய் தடவித் துடைத்த மாதிரி பளபளவென்று இருக்கும் (அதையும் சித்தப்பாதான் துடைக்கிறார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு, அது பொய்). வருஷம் பூராவும் சும்மா பச்சையாக நிற்கும். குளிர் இறங்கி, தெருவில் உள்ள மரமெல்லாம் வெறும் குச்சியாகி, எல்லாரும் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு மூக்கை உறிஞ்சுகிற காலத்தில் இது மட்டும் அடுக்கடுக்காக ரோஸ் நிறத்தில் பூத்துத் தள்ளும். நேரம் காலம் தெரியாத செடி என்று வாட்ச்மேன் சொல்வார். அவர் சொன்னால் சரியாக இருக்கும், அந்த விஷயத்தில் அவருக்கு அனுபவம் அதிகம்.

குளிர்காலத்தில் கல்யாணம் பதிந்துவிட்டு வெளியே வருகிறவர்களுக்கு ஃபோட்டோ எடுத்துக்கொள்ள வேறு இடம் கிடையாது. ஒரு பக்கம் டிரான்ஸ்ஃபார்மர், அதில் மண்டை ஓடு. இன்னொரு பக்கம் 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதிய சுவர். சித்தப்பாதான் ஜோடியைக் கூட்டிக்கொண்டு போய்ச் செடிக்கு முன்னால் நிறுத்துவார். அவர்களுடைய கைப்பை, குடை, யாருடையதாவது குழந்தை, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஓரமாக நிற்பார். ஊரில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் மாட்டியிருக்கிற கல்யாணப் படங்களில் ஓரத்தில் ஒரு குடையும் கால்வாசிச் சித்தப்பாவும் இருக்கிறார்கள்.

இப்படி இருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை பதிவாளர் அவரைக் கூப்பிட்டு ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார்.

"இது என்ன செடி?"

"செடிங்க சார்."

"செடின்னு எனக்கும் தெரியுது. என்ன செடி?"

"நம்ம வாசல் செடி சார்."

பதிவாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்காகச் சாய்தளம் கட்டப் போகிறார்கள். ரொம்ப நாளாகக் கேட்டுக் கிடைத்தது, வேண்டாமென்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த வெள்ளிக்கிழமை வேலை ஆரம்பம். செடி நிற்கிற இடத்தில்தான் சாய்தளம் இறங்குகிறது. பூங்காத் துறைக்காரர்கள் லாரி கொண்டுவந்து செடியை வேரோடு எடுத்து வேறு இடத்தில் வைத்துக் கொடுப்பார்கள். ஆனால் என்ன செடி, எந்த வகை என்று திட்டமாகச் சொன்னால்தான் வருவார்கள். போன வருஷம் வகை தெரியாமல் எதையோ பெயர்த்து வைத்து, அது பட்டுப்போய், பேப்பரில் படத்தோடு வந்து, அவர்களுக்குப் பெரிய தலைவலியாகிவிட்டது.

"வியாழக்கிழமை மத்தியானத்துக்குள்ள சொல்லணும். இல்லைன்னா வெட்டிட்டுக் கட்டிடுவாங்க. யாரையாவது பிடிச்சுக் கேளுங்க."

சித்தப்பா மறுநாள் ஒரு பூவையும் நாலு இலையையும் டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டு, பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருக்கிற நர்சரிக்குப் போனார். தொட்டிகளுக்கு நடுவிலிருந்து ஒரு அம்மா எழுந்து வந்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை சேறு. நெற்றியில் முடியைத் தள்ளிய இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மண். சித்தப்பாவுக்குச் சட்டென்று கைக்குட்டையை எடுத்து நீட்டத் தோன்றியது. பிஸ்கட் துணுக்கு ஞாபகம் வந்து கையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

நர்சரிக்காரம்மா டப்பாவைத் திறந்தார். "சாப்பாட்டு டப்பாவிலயா கொண்டு வந்தீங்க?"

"கழுவிட்டுத்தான் வெச்சேங்க."

"டப்பாவையா, பூவையா?"

"ரெண்டையும்."

நர்சரிக்காரம்மா அவரை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டுப் பூவைப் பார்த்தார். "கமேலியா. நீங்க காலையில குடிக்கிறீங்களே தேயிலை, அதுக்கு ஒண்ணுவிட்ட அக்கா."

"அப்போ இந்த இலையிலயும் டீ போடலாமா?"

"போடலாம். குடிக்கத்தான் முடியாது." இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ரெண்டு வகை பார்க்கணும். ஒண்ணு சசங்குவா, இன்னொண்ணு ஜப்பானிக்கா. சசங்குவாவுக்கு இலை சின்னது, மத்ததுக்குப் பெரிசு. உங்க செடி இலை அப்படியும் இல்லை, இப்படியும் இல்லை. இதை வெச்சு நான் சத்தியம் பண்ண மாட்டேன். பூ எப்படி விழுதுன்னு பார்த்தாத் தெரிஞ்சுடும். சசங்குவா இதழ் இதழா உதிரும். ஜப்பானிக்கா உதிராது, முழுப் பூவா கழண்டு பொத்துன்னு விழும். உங்க செடிக்குக் கீழே எப்படிக் கிடக்குது?"

இந்த இடத்தில் அடக்கமாகப் பதில் சொல்லியிருந்தால் கதை சனிக்கிழமையே முடிந்திருக்கும். ஆனால் சித்தப்பாவிடம் தரையைப் பற்றி யாராவது கேட்டால் அவருக்கு நெஞ்சு தானாக நிமிர்ந்துவிடும்.

"எங்க செடிக்குக் கீழே ஒண்ணும் கிடக்காதுங்க."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

"பூக்கற செடிக்குக் கீழே?"

"நான் இருக்கற வரைக்கும் கிடக்காது."

"இந்த மாதிரி வகையை நான் எங்கயும் பார்த்ததில்லையே" என்றார் நர்சரிக்காரம்மா. அப்போது அவர் செடியைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. "சரி, திங்கட்கிழமை கடை திறக்கறதுக்கு முன்னாடி நானே வந்து பார்க்கறேன்."

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் சித்தப்பாவுக்கு நிதானம் வந்தது. பூ எப்படி விழும் என்று அவருக்குத் தெரியாதா என்ன. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத அந்த நேரத்தில், பின்னால் பொத்தென்று சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால் முழுப் பூ, முகம் மேலே பார்த்தபடி, இப்போதுதான் பெருக்கிய இடத்தின் நட்ட நடுவில் உட்கார்ந்திருக்கும். எத்தனை தடவை அதனிடம், "இதை அப்பவே பண்ணக்கூடாதா" என்று கேட்டிருக்கிறார். முழுப் பூ என்றால் ஜப்பானிக்கா. முடிந்தது வேலை. நர்சரி கேட்டில் பெரிய எழுத்தில் எழுதியிருந்த ஃபோன் நம்பர் அவருக்கு மனப்பாடமாகியிருந்தது, ஏன் ஆனது என்று அவருக்கே தெரியவில்லை. ஃபோனை வெளியே எடுத்தார். வருகிறேன் என்று சொன்னவர்களை வராதீர்கள் என்று சொல்வது மரியாதையாக இருக்குமா என்று யோசித்தார். இறங்குகிற இடம் வந்துவிட்டது. ஃபோனை உள்ளே வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. கை வழக்கம் போல் துடைப்பத்தை எடுத்தது, கால் வழக்கம் போல் நடந்தது. பெருக்கி முடித்துக் குப்பையைத் தொட்டியில் கொட்டி மூடிய பிறகுதான் உறைத்தது. நர்சரிக்காரம்மாவின் வேன் வந்து நின்றபோது வாசல் சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருந்தது.

"நான் எதைப் பார்க்க வந்தேன் சொல்லுங்க" என்றார் நர்சரிக்காரம்மா.

"மன்னிச்சுக்குங்க. உள்ள வந்து ஒரு டீ சாப்பிட்டுட்டுப் போங்க."

பூட்ஸோடு உள்ளே வந்தார். வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும் கூடத்துத் தரையில் அச்சு அச்சாகச் சேற்றுத் தடம். டீ குடித்து, நாளைக்குப் பெருக்காமல் வைக்கும்படி சொல்லிவிட்டுக் கிளம்பினார். திரும்பிப் போன தடம் வேறு. தரை துடைக்கிற மாப்பு, சுவரில் சாய்ந்து கூப்பிடும் தூரத்திலேயே நின்றது. சித்தப்பா அதைத் தாண்டிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் வரை தடம் அப்படியே இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அதைச் சுற்றி நடக்கும்படி, "அந்தப் பக்கமா வாங்க, அந்தப் பக்கமா" என்று வழி வேறு காட்டினார். வாட்ச்மேன் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஜெராக்ஸ் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தலை வெகுநேரம் அசையாமல் இருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்குள் செய்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"ஷூ தடமா?" என்றார் அண்ணி. "அவர் துடைக்கலையா?"

"தொடக்கூட இல்லைம்மா" என்றாள் வாலு.

"காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதான்னு தொட்டுப் பாருங்க" என்று அண்ணி அண்ணனிடம் சொன்னார். அண்ணன் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "சும்மா இரு" என்றார். அவர் அவ்வளவு பேசுவதே அபூர்வம்.

செவ்வாய்க்கிழமை கை தானாக எடுக்கவில்லை. சித்தப்பா துடைப்பத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். செடிக்குக் கீழே பூக்கள் கிடந்தன, முழுசு முழுசாக. இதைப் பார்த்தால் நர்சரிக்காரம்மா வாசலிலேயே பெயரைச் சொல்லிவிட்டு வேனைத் திருப்பிவிடுவார். டீ எதற்கு, உள்ளே எதற்கு. சித்தப்பா நாலு பக்கமும் பார்த்துவிட்டுப் பெருக்கினார். வாழ்க்கையில் முதல் முறையாகத் திருடன் மாதிரி, சத்தம் வராமல் பெருக்கினார்.

"ராத்திரி பூரா காத்துங்க" என்று வந்து இறங்கிய நர்சரிக்காரம்மாவிடம் சொன்னார்.

"எந்தக் காத்து?" என்று வாட்ச்மேன் ஆரம்பித்தார். சித்தப்பா பார்த்த பார்வையில், "ஆமாமா, சரியான காத்து" என்று முடித்துக்கொண்டார்.

அன்றைக்கு டீ இரண்டு டம்ளர் ஆனது. நர்சரிக்காரம்மா ஒரு குச்சியால் பூட்ஸ் அடியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டே பேசினார். வீட்டுக்காரர் போய் வெகு காலம் ஆகிவிட்டது. போய் என்றால் மேலே இல்லை, வேறு ஊருக்கு, வேறு ஒருத்தங்களோடு. இதைக் களை பிடுங்கிப் போட்ட மாதிரி சாதாரணமாகச் சொன்னார். சுரண்டிய மண் தரையில் குவிந்தது. சித்தப்பா அந்தக் குவியலைப் பார்த்தார். பிறகு நர்சரிக்காரம்மாவின் முகத்தைப் பார்த்தார். குவியல் அங்கேயே இருந்தது.

புதன்கிழமை, "மேலிடத்துலேர்ந்து யாரோ வர்றாங்கன்னு சுத்தம் பண்ணச் சொல்லிட்டாங்க."

"வந்தாங்களா?"

"வரலை."

"பாவம்" என்றார் நர்சரிக்காரம்மா. யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. "பேரு சீக்கிரம் தெரிஞ்சா நல்லது. எப்போ வேலை ஆரம்பிக்கறாங்க?"

"வெள்ளிக்கிழமைங்க" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா செடியின் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

அன்று மத்தியானம் கட்டட வேலைக்காரர் ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். அளந்தார், சுண்ணாம்பில் கோடு போட்டார். போகும்போது செடியின் அடித்தண்டில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார். ஒரு சொட்டு வழிந்து கீழ் இலையில் விழுந்தது. சித்தப்பா கைக்குட்டையால் துடைத்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தார். இலை முழுக்கச் சிவப்பு பரவியதுதான் மிச்சம். அவர் துடைத்துப் போகாத முதல் கறை அது.

சாயங்காலம் ஒரு ஜோடி. பொண்ணும் மாப்பிள்ளையும் மட்டும், கூட யாரும் வரவில்லை. படத்துக்கு நின்றபோது அந்தப் பொண்ணு, "அங்கிள், அது என்ன சிவப்பா?" என்று கேட்டாள். சித்தப்பா போய்க் குடையை விரித்துக் குறியை மறைத்துக்கொண்டு நின்றார். மறைக்க வேண்டுமென்றால் இரண்டு பேருக்கும் நடுவில் அல்லவா நிற்க வேண்டும். அந்த ஒரு படத்தில் மட்டும் சித்தப்பா முழுசாக, நட்ட நடுவில், யாருக்கோ அப்பா மாதிரி நிற்கிறார்.

வீட்டுக்கு நடந்து போகும்போது அவர் தன்னையே திட்டிக்கொண்டு போனார். ஒரு டம்ளர் டீக்காக ஒரு செடியை வெட்டக் கொடுக்கிறவன் எல்லாம் ஒரு மனுஷனா. நாளைக்குப் பெருக்கக்கூடாது. நர்சரிக்காரம்மா வருவார், கீழே பார்ப்பார், பெயரைச் சொல்வார், போய்விடுவார். செடி இருக்கும். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை வாசலுக்கு வந்ததும் முதல் காரியமாகத் துடைப்பத்தை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்தார்.

"நானே கேட்டாலும் குடுக்காதே."

கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. "சாவியைக் குடு."

"குடுக்காதேன்னு சொன்னீங்களே."

"இப்போ நான்தானே கேக்கறேன்."

"நீங்க கேட்டாத்தான் குடுக்காதேன்னு சொன்னீங்க. வேற யாராவது கேட்டா குடுத்துடுவேன்."

சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பொத்தென்று ஒன்று விழுந்தது. ஒரு காலால் மெதுவாக ஓரம் தள்ளலாமா என்று பார்த்தார். காலையும் கட்டிக்கொண்டார். அப்போது ஜெராக்ஸ் கடை ஷட்டரைத் தூக்க வந்த வாலு ரோட்டைக் கடந்து வந்தாள்.

"என்ன சித்தப்பா, இன்னிக்குப் பெருக்கலையா?"

"இல்லை."

"அப்போ இன்னிக்கோட முடிஞ்சுதா?"

"எது?"

"ஒண்ணுமில்லை. செடி விஷயம்."

"முடிஞ்சாகணும்" என்றார் சித்தப்பா. குரல் அவருக்கே பிடிக்கவில்லை. இங்கே நின்றால் கை சும்மா இருக்காது என்று உள்ளே போய், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஏற்கெனவே பளிச்சென்று இருந்த மை டப்பா மூடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். வேன் சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்தார்.

நர்சரிக்காரம்மா செடிக்கு முன்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "அட, பெருக்கலையா நீங்க" என்றார். அதில் சந்தோஷம் இருந்த மாதிரி தெரியவில்லை. குனிந்தார். அப்படியே நின்றார். "என்ன இது, ரெண்டும் கிடக்குதே."

சித்தப்பா எட்டிப் பார்த்தார். முழுப் பூக்கள் கிடந்தன. அவற்றுக்கு நடுவே, படிக்கட்டு வரைக்கும், ரோஸ் ரோஸாக உதிரி இதழ்கள். இத்தனை வருஷத்தில் அந்தச் செடி இப்படி ஒரு காரியம் செய்ததே கிடையாது.

"முழுசாவும் விழுது, இதழாவும் உதிருது. ஒருவேளை கலப்போ என்னவோ" என்றார் நர்சரிக்காரம்மா. நெற்றியைத் தேய்த்தார், மண் ஒட்டியது. "நாளைக்கும் அவங்க வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

நாளைக்கும் வருகிறேன் என்கிறார். யாரையும் ஏமாற்றாமல், ஒரு பொய்யும் சொல்லாமல், தானாக வந்து மடியில் விழுந்த நாள். சித்தப்பா அதை ஒரு நொடி வைத்துப் பார்த்தார். சிவப்புப் பெருக்கல் குறி கண்ணில் பட்டது.

"இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள பேர் சொல்லியாகணும். நாளைக்கு வந்தீங்கன்னா செடி இருக்காதுங்க. இது முழுசாத்தான் விழும். இதழா உதிராது."

"எப்படிச் சொல்றீங்க?"

"சத்தம் கேட்டிருக்கேன். பார்த்திருக்கேன். தினம் நான்தானே அள்ளறேன்."

"எப்போலேர்ந்து தெரியும்?"

"நான் இங்க வேலைக்கு வந்த வருஷத்துலேர்ந்து."

நர்சரிக்காரம்மா மெதுவாக நிமிர்ந்தார். "சனிக்கிழமை கடையில வெச்சுக் கேட்டேனே."

"அப்போ வாயில வேற வந்துடுச்சுங்க. பஸ்ஸுல போறப்போதான் ஞாபகம் வந்தது."

"பஸ்ஸு சனிக்கிழமையே போயிடுச்சே."

"ஆமாங்க."

"அப்புறம் திங்கள், செவ்வாய், புதன்?"

"திங்கட்கிழமை கை பெருக்கிடுச்சு" என்றார் சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டே. "மத்த ரெண்டு நாளும் நான்தான் பெருக்கினேன்."

சொல்லிவிட்டார். இனி பூட்ஸ் வேனை நோக்கித் திரும்பும் சத்தம்தான் பாக்கி என்று காத்திருந்தார். பூட்ஸ் திரும்பியது. ஆனால் வேன் பக்கம் போகவில்லை. சுவரோரம் இருந்த பச்சைக் குப்பைத் தொட்டியிடம் போய் நின்றது. நர்சரிக்காரம்மா மூடியை விரல் முட்டியால் தட்டினார்.

"இதுக்குள்ள என்ன இருக்குது?"

"குப்பைங்க."

"இந்த வாரம் நீங்க அள்ளின பூவெல்லாம்?"

"அதுலதாங்க."

"செடியைப் பார்த்துப் பேர் சொல்றதுதான் என் பொழைப்பு. தரையில இல்லைன்னா தொட்டியில பார்க்கணும்னு எனக்குத் தெரியாதா?" மூடியை இப்போதும் அவர் திறக்கவில்லை. "தினம் ரெண்டு தடவை இதைத் தாண்டித்தான் போறேன், வர்றேன். ஒரு நாளாவது திறந்தேனா?"

சித்தப்பாவுக்கு இது உள்ளே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாட்ச்மேனுக்கு முதலிலேயே சேர்ந்துவிட்டது, அவர் வேலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நர்சரிக்காரம்மா அங்கேயே நின்று பதிவாளருக்கு ஃபோன் போட்டார். கமேலியா ஜப்பானிக்கா, வேர் மேலாகத்தான் ஓடும், மண்ணை அகலமாக விட்டு உருண்டையாகத் தோண்ட வேண்டும் என்றும், லாரியோடு தானும் வந்து நிற்கப் போவதாகவும், புது இடம் படிக்கட்டுக்கு வலப்பக்கம் இருந்தால் படம் எடுக்க வசதி என்றும் பதிவாளருக்கே உத்தரவு போடுகிற மாதிரி சொன்னார். அந்தப் பக்கம் சரி சரி என்று கேட்டது. சித்தப்பா அப்போதுதான் மூச்சை வெளியே விட்டார்.

"அப்போ இந்த இதழ் எங்கேருந்து வந்தது?" என்று கேட்டார்.

நர்சரிக்காரம்மா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். "அடியைப் பாருங்க, கிழிஞ்சிருக்கு. தானா உதிர்ந்தது இப்படி இருக்காது. இது யாரோ உக்காந்து பிச்சுப் போட்டது. நானும் முதல்லயே பார்த்தேன்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிவந்தார். "பிச்சவங்க விரல்ல பூ நடுவுல இருக்கற மஞ்சத் தூள் அப்பியிருக்கும். லேசுல போகாது."

சித்தப்பா ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தார். ஜெராக்ஸ் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தலை சட்டென்று ஒரு காகிதக் கட்டுக்குள் மூழ்கியது. வேலையில் அவ்வளவு அக்கறையை அந்தக் கடை அதுவரை பார்த்ததில்லை.

கோபமாகத்தான் கிளம்பினார். செடியே போயிருக்கும், விளையாட்டா இது. நடு ரோட்டில் ஒரு ஆட்டோவுக்காக நின்றபோது, இன்னிக்கோட முடிஞ்சுதா என்று அவள் கேட்ட குரல் ஞாபகம் வந்தது. ஆட்டோ போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். கோபத்தில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு, முகத்தை மட்டும் பழையபடி கடுகடுவென்று வைத்துக்கொண்டு கடைக்குள் ஏறினார்.

"வாங்க சித்தப்பா. என்ன, ஜெராக்ஸா?" என்றாள் வாலு.

"கையைக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டு."

வாலு இடது கையை நீட்டினாள். சித்தப்பா அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னொரு கை" என்றார்.